வைக்கோல் இருந்த இடத்தில் வில்

எங்கள் ஊர்ப் பக்கம் ஆள் ஏறிப் போகிற மாட்டு வண்டிக்கு வில் வண்டி என்று பேர்; பாரம் ஏற்றுகிற வண்டிக்குக் கட்டை வண்டி என்று பேர். கூண்டு, மெத்தை, மணிச்சரம் எல்லாம் மேலே வந்து சேர்ந்த அலங்காரம். வண்டியின் பார், அதாவது பாரம் தாங்குகிற சட்டம், நேராக அச்சின்மேல் உட்கார்ந்திருந்தால் அது கட்டை வண்டி. பாருக்கும் அச்சுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகள் இருந்தால் வில் வண்டி. இன்று டிரெய்லர் வாங்கப் போகிறவர் சஸ்பென்ஷன் எப்படி என்று கேட்கிறார். அன்று வண்டியின் பேரே அதைச் சொல்லிவிட்டது. பட்டறைகளில் இன்றும் புழங்குகிற கமான் பட்டை என்ற சொல்லும் அதேதான். பாரசீகத்தில் கமான் என்றால் வில்.

வில் வண்டி வசதியான வீட்டு வாசலில் நின்றது. மிராசுதாரர் ஏறினார், வக்கீல் ஏறினார், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண் ஏறினாள். கட்டை வண்டியில் எரு போயிற்று, நெல் போயிற்று, கரும்பு போயிற்று. விருத்தாசலத்துக் கட்டை வண்டிகளில் இவற்றோடு பீங்கானும் போயிற்று. குலுங்கினால் உடைகிற சரக்கு, குலுக்குவதைத் தவிர வேறு வழியில்லாத வண்டியில்.

பீங்கான் இந்த ஊருக்கு வந்ததற்கு மண்ணும் ஒரு காரணம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரியை மூடிக் கிடந்த மேல்மண்ணில் வெண்களிமண்ணும் இருந்தது. அங்கிருந்து விருத்தாசலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நான்கு திசைக்கும் பாதை பிரிகிற ரயில் சந்திப்பு வேறு. செராமிக் தொழிற்பேட்டை அமைந்தது, தொழில் கற்றுத்தர செராமிக் பயிலகம் அமைந்தது. ஊறுகாய் ஜாடியும், மின்சார ஃபியூஸ் கட்டையும், கொலுப் பொம்மையும் சூளையிலிருந்து இறங்கின. இறங்கியவை உடையாமல் ஊர் தாண்ட வேண்டும்.

அந்தப் பாரம் ஏற்றுகிறதைச் சிறு வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்மேல் முதலில் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல். அதை மிதித்து, மேலே இன்னும் கொஞ்சம். பிறகு புரி திரிக்கத் தொடங்குவார்கள். கைப்பிடி வைக்கோலை எடுத்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் உருட்டினால் கயிறு போல நீளும். ஜாடியின் வயிற்றில் இரண்டு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே விரல் நுழையாதபடி வைக்கோலைத் திணிப்பார்கள். மூடிகள் தனியே ஒரு கூடையில், உமிக்குள் புதைந்து வரும். எல்லாம் ஏற்றி முடிந்ததும் ஒருவர் முளைக்குச்சியைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பார்ப்பார். எங்காவது களுக்கென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அந்த இடத்தைப் பிரித்து மறுபடியும் திணிக்க வேண்டும்.

வண்டிக்கு வில் இல்லை என்று இன்று சொல்கிறோம். இருந்தது. அது பாருக்குக் கீழே இல்லாமல் பாருக்கு மேலே, வைக்கோலாக இருந்தது. ஒரு பள்ளத்தின் அடியை ஆயிரம் வைக்கோல் தாள்கள் பங்கு போட்டுக்கொண்டன. சரக்கை இறக்கிய பிறகு அதே வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாயிற்று. திரும்பி வருகிற வண்டியில் குப்பை என்று ஒரு துரும்பும் இருந்ததில்லை.

இன்னொரு காப்பும் இருந்தது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் போகும். சக்கரம் ஒரு கல்லில் மோதும்போது வண்டியை மேல்நோக்கி எறிகிற அடியின் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறும். நான்கு கிலோமீட்டரில் போன வண்டிக்குப் பதில் அதே தடத்தில் இருபத்து நான்கு கிலோமீட்டரில் ஒரு வண்டி போனால், வேகம் ஆறு மடங்கு, அடி முப்பத்தாறு மடங்கு. இந்தக் கணக்கு வண்டிக்காரருக்குத் தெரியாது. ஆனால் மணிமுத்தாற்று மணலில் இறங்கும்போதும், செம்மண் வாரியில் ஏறும்போதும், கீழே குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டோடு நடந்தார்.

அன்றைய சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுவில் குடம், அதிலிருந்து பன்னிரண்டு ஆரக்கால், அவற்றைச் சுற்றி ஆறு வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு கால். கருவேல மரம் இதற்கு உகந்தது. இத்தனை துண்டுகளையும் பிடித்து நிறுத்துவது வெளியே ஓடுகிற இரும்புப் பட்டா ஒன்றுதான். ஐந்தடி உயரச் சக்கரத்தின் சுற்றளவு பதினைந்தே முக்கால் அடி. பட்டாவை அதைவிடச் சற்றுக் குறைவாகவே ஆசாரி வளைத்து ஒட்டுவார். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டாவை அதில் பழுக்க வைப்பார்கள். ஐந்நூறு டிகிரி சூட்டில் அந்த நீள இரும்பு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீளும். அந்த ஓர் அங்குல அவகாசத்துக்குள் மூன்று, நான்கு பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்க வேண்டும். மரம் தீப்பற்றுகிற நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது வட்டைகள் ஒன்றோடொன்று நெருங்குகிற சத்தம், சுள்ளி முறிவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆணி இல்லாமல், பசை இல்லாமல், சூட்டையும் குளிர்ச்சியையும் கொண்டே ஒரு சக்கரத்தைக் கட்டினார்கள். விருத்தாசலத்தைச் சுற்றிப் பட்டா போடுகிற தீயை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

அந்தச் சக்கரத்துக்குக் குறை உண்டு. இரண்டு அங்குல அகல இரும்பு, மழைக்கால மண்ணைக் கத்திபோல அறுத்தது. ஒவ்வொரு அதிர்ச்சியும் அச்சு வழியாக ஏர்க்காலுக்கும், ஏர்க்காலிலிருந்து நுகத்தடிக்கும், நுகத்தடியிலிருந்து மாட்டின் கழுத்துக்கும் போயிற்று. கழுத்துப் புண்ணில் மஞ்சள் அப்பின மாடுகளை அன்று எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, இந்த மாட்டுக் கழுத்துக்காகவும் வண்டிச் சீர்திருத்தத்துக்காகவும் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தவர். நாட்டின் சரக்கில் எவ்வளவு பங்கு மாட்டு வண்டியில் போகிறது என்பதை ஆட்சியாளர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது அவருடைய வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றே எனக்குப் படுகிறது.

பிறகு டயர் வண்டி வந்தது. ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-இல். எங்கள் பக்கத்துக் கட்டை வண்டிக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஐந்தடிச் சக்கரம் போய், லாரியிலோ ஜீப்பிலோ ஓடித் தேய்ந்த டயர் மாட்டினார்கள். பார் தாழ்ந்தது, பாரம் ஏற்றுவது எளிதாயிற்று. முக்கால் டன், ஒரு டன் ஏற்றின இடத்தில் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றினார்கள். மாட்டுக்கு இழுவை குறைந்தது. பஞ்சர் என்ற சொல் வண்டிக்காரர் வாயில் முதல்முறையாக ஏறியது. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை போய், டப்பாவில் கிரீஸ் வந்தது. இந்த மாற்றத்தில் இழப்பு என்று நான் சொல்லக்கூடியது தச்சரையும் ஆசாரியையும்தான். மாட்டைக் கேட்டால் வேறு கணக்கு.

பெரிய மாற்றம் டிராக்டர். 1960-களின் தொடக்கத்தில் சென்னையில் டாஃபே நிறுவனம் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல அது நிலத்திலிருந்து சாலைக்கும் வந்தது. உழாத நாளில் டிரெய்லர் இழுத்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நான்கு சக்கர டிரெய்லர்களில் கமான் பட்டை வைத்தவை இருந்தன. ஆனால் சிறு விவசாயி வாங்கக்கூடிய இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லரில் பெரும்பாலும் அச்சைச் சேஸிஸோடு நேராகப் பிணைத்துவிட்டார்கள். இழுப்பது மாடு இல்லை, எந்திரம். ஓடுவது மரச் சக்கரத்தில் இல்லை, டயரில். பாரம் ஒரு டன் இல்லை, மூன்று, நான்கு டன். அமைப்பு மட்டும் அதே கட்டை வண்டி. நான்கு கிலோமீட்டர் வேகத்துக்குப் பொருந்தின அமைப்பை அப்படியே இருபது, இருபத்தைந்துக்கு ஓட்டினார்கள்.

எங்கள் உறவில் ஒருவர் அப்படி ஒரு டிரெய்லர் வைத்திருந்தார். கரும்புக் காலத்தில் கரும்பு, முந்திரிக் காட்டுக்கு எரு, நடுவில் பேட்டையிலிருந்து லாரி செட்டுக்கு ஜாடி. ஜாடி ஏற்றின நாளெல்லாம் இறக்கும்போது ஒரு கூடை நிறைய ஓடு தேறியது. வைக்கோல் குறைவு என்று அதிகம் போட்டுப் பார்த்தார். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். ஓரம் தேய்ந்து டயர் போயிற்று. கடைசியில் அந்த டிரெய்லருக்குக் கமான் பட்டை போடுகிற நாளில் நானும் உடன் போயிருந்தேன்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது பாரம் எவ்வளவு என்று. உறவினர் ஏற்கெனவே ஒரு பழைய லாரியின் பத்துப் பட்டை செட்டு ஜோடியாக விலை பேசி வைத்திருந்தார். கனமான பட்டை போட்டால் கனமாகத் தாங்கும் என்பது அவர் எண்ணம். பட்டறைக்காரர் அந்தப் பட்டையைக் காலால் தட்டிக்கொண்டு சொன்னார்: “அண்ணே, பத்து டன் அச்சுக்கு அடிச்ச பட்டை இது. உங்க நாலு டன்னுக்கு இது அசையாது. பட்டைன்னா வளையணும். வளையாத பட்டைக்குக் காசு குடுக்காதீங்க.”

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முழுப் பாரத்தில் மூன்று அங்குலம் அமுங்குகிற பட்டையின்மேல் வண்டி நொடிக்கு இரண்டு முறைக்குள்தான் ஆடும். ஏறக்குறைய ஒரு மனிதன் நடக்கிற அடியின் வேகம். அதே பட்டை, பாரம் இறக்கின வெற்று வண்டியில் முக்கால் அங்குலம்கூட அமுங்காது. ஆட்டம் நொடிக்கு நான்கு முறையாகி, வண்டி துள்ளும். வெறும் டிரெய்லர் தெருவில் போகும்போது பின்கதவு தடதடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான். கனத்துக்கும் வெறுமைக்கும் ஒரே பட்டை ஒத்துப்போகாது. அதனால் அவர் மூன்று பட்டைகளை உருவிவிட்டு ஏழை வைத்தார். மிகுந்த பாரத்தில் மட்டும் தொடுகிற மாதிரி ஒரு குட்டைத் துணைப் பட்டையை மேலே வைத்தார்.

மற்ற வேலை பாதி நாள் எடுத்தது. சேஸிஸை ஜாக்கி வைத்து நிறுத்தி, அச்சைப் பிணைத்திருந்த தகடுகளை வெட்டி எடுத்தார்கள். முன்பக்கம் பிராக்கெட்டில் பின் போட்டு மெயின் பட்டையின் கண்ணை மாட்டினார்கள். பின்பக்கம் அப்படி இறுக்க முடியாது. வளைந்த பட்டை நிமிரும்போது நீளும், அந்த நீளத்துக்கு இடம் வேண்டும். அதற்காகச் சாக்கிள் என்கிற ஊஞ்சல். பட்டையை அச்சுக்கு மேலே வைத்தால் டிரெய்லர் ஐந்து அங்குலம் உயர்ந்துபோகும், வாரியில் சாயும்போது கவிழ்கிற பயம் உண்டு என்று, பட்டையை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டார். தனியாக ஷாக் அப்சார்பர் வேண்டாமா என்று கேட்டேன். ஏழு பட்டை ஒன்றோடொன்று உரசுகிறதே, அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்குகிறது என்றார். பளபளப்புக்காகப் பட்டைகளின் நடுவே அளவில்லாமல் கிரீஸ் அப்பாதீர்கள் என்றும் சொன்னார்.

அடுத்த ஜாடி லோடில் உடைந்த ஓட்டைக் கூடையில் அள்ள வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையில் அடங்கிற்று.

வண்டியும் பட்டையும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. 2005-இல் வந்த டாடா ஏஸை, நம் ஊர் குட்டி யானை என்று பேர் வைத்துக் கொண்டாடியது. முக்கால் டன் சரக்கை அது சந்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்குகிறது. கனரக வண்டிகளில் பத்துப் பட்டையின் வேலையை நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த இரண்டு, மூன்று பாரபோலிக் பட்டைகள் பார்க்கின்றன. தொலைதூரப் பேருந்துகளில் இரும்பே இல்லாமல் ரப்பர் பையில் அடைத்த காற்று தாங்குகிறது. பேட்டையின் சிறு சரக்குகள் பல இப்போது அட்டைப் பெட்டியில், குமிழ்த் தாளில் சுற்றிப் போகின்றன. இறங்குகிற இடத்தில் அந்தத் தாளை எந்த மாடும் தின்பதில்லை.

வைக்கோலுக்குத் திரும்பலாம் என்றாலும் அது எளிதில்லை. அறுவடை எந்திரம் வந்த பிறகு வைக்கோல் நொறுங்கி வருகிறது. கட்டும் எந்திரம் அதை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. கையறுப்பில் கிடைத்த நீளத் தாள் இல்லாமல் புரி திரிக்க முடியாது. திரிக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. ஒரு ஜாடியை எங்கே சுற்றினால் தாங்கும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை; இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதும் பார்த்தவனின் நினைவுதான்.

வில் கொண்டுவந்த ஒரு தீங்கையும் சொல்ல வேண்டும். கட்டை வண்டி பாரம் மிஞ்சினால் முனகும், மாடு நின்றுவிடும். பட்டை போட்ட டிரெய்லர் குறைப்படுவதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுகிறோம். அதன் கணக்கு சாலையில் ஏறுகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அதிலிருந்து தெரியவந்தது. நம் நாட்டில் 2018-இல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. கேட்க ஒன்றேகால் டன் மாதிரி இருக்கிறது. அந்தக் கணக்கில் சாலைக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேலான அடி.

வில்லின்மேல் யார் உட்காரலாம் என்பதும் ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. திருவிதாங்கூரில் 1893-இல் அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட தம் சாதி மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்லு வண்டி ஓட்டிக்கொண்டு போனார். கட்டை வண்டியில் போகவில்லை; வில்லு வண்டியையே விலைக்கு வாங்கி, அதில் ஏறிப் போனார். அந்த வண்டி எதைக் குறித்தது என்பது அவரைத் தடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போது முந்திரிக் காட்டிலிருந்து சாயங்காலம் திரும்புகிற பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டு சக்கர டிப்பரில், தகட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியோ குந்தியபடியோ வருகிறார்கள். பட்டை இல்லாத டிரெய்லர் அது. அடியில் ஒரு கைப்பிடி வைக்கோல்கூட இல்லை. ஜாடி உடையாமல் இருக்க இத்தனை பாடுபட்ட ஊரில், முதுகெலும்பு நேராகத் தகட்டில் அடி வாங்குகிறது. சரக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பட்டை போட்டுவிட்டால் அது சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வேலைக்கு அழைத்துப் போகிறவர்கள் இருக்கையும் மேற்கூரையும் உள்ள வண்டியில் அழைத்துப் போக வேண்டும். இது காசில்லாமல் நடக்காமல் இருக்கிற விஷயம் இல்லை. டிரெய்லருக்குச் செய்கிற செலவை ஆளுக்குச் செய்ய மனம் வராததால் நடக்காமல் இருக்கிறது.

உருவிப் போட்ட மூன்று பட்டைகளையும் பட்டறைக்காரர் குப்பையில் போடவில்லை. கொல்லுப் பட்டறைக்கு அவை விலைக்குப் போகின்றன. கமான் பட்டையின் எஃகில் அடித்த அரிவாள் முனை எளிதில் மழுங்காது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டுகிற கத்திகள் பல, ஒரு காலத்தில் ஏதோ ஒரு லாரியைத் தாங்கினவை.

டிரெய்லருக்குப் புதிதாகப் பட்டை போட்டிருப்பவர்களுக்கு அவர் சொல்லியனுப்பின ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். முதல் லோடை இறக்கியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். பட்டைகள் அமர்ந்து இடம் பிடிக்கும்போது அவை கட்டாயம் தளரும். தளர்ந்தபடி ஓட்டினால் நடு போல்ட் ஒடிந்து அச்சு பின்னால் நகர்ந்துவிடும். அரை மணி நேர வேலை, ஒரு பெரிய ஸ்பேனர் போதும்.